பன்னாட்டுக் கரடுமுரடுச் சுட்டெண்

பன்னாட்டுக் கரடுமுரடுச் சுட்டெண் (ஐ.ஆர்.ஐ.) என்பது சாலை மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் ஓடும் வண்டியை எவ்வளவு குலுக்குகின்றன என்பதைக் காட்டும் அளவீடாகும். இதன் அலகு மீட்டர்/கிலோமீட்டர். எந்தச் சாலையை முதலில் சீரமைப்பது என்று முடிவு செய்ய இது உதவுகிறது.

முன்பு, சக்கரம் மேலும் கீழும் அசைவதைக் கூட்டிக் காட்டும் கருவிகளே பெரிதும் பயன்பட்டன. இந்தியாவில் பயன்படும் பம்ப் இன்டகிரேட்டர் அத்தகையது. ஒற்றைச் சக்கரம் கொண்ட இந்த இழுவண்டி மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் இழுத்துச் செல்லப்படுகிறது. இவ்வகைக் கருவிகளில் வில் தளர்ந்தாலோ டயரில் காற்று குறைந்தாலோ அதே சாலைக்கு வேறு எண் வரும். பழுது சாலையிலா வண்டியிலா என்பது விளங்காது.

1982இல் பிரேசிலில், உலக வங்கியின் ஆதரவுடன், வெவ்வேறு நாடுகளின் கருவிகள் ஒரே சாலைகளில் ஓட்டி ஒப்பிடப்பட்டன. அதன் பயனாக 1986இல் வெளியான இச்சுட்டெண் உண்மையான வண்டியையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. முதலில் சக்கரத்தடம் நெடுகிலும் சாலையின் உயரம் மட்டக்கருவியாலோ லேசராலோ அளக்கப்படும். பிறகு ஒரு சக்கரம், ஒரு வில், ஓர் அதிர்வுத்தாங்கி மட்டுமே கொண்ட 'கால் பங்கு கார்' ஒன்று அதன்மேல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடுவதாகக் கணினி கணக்கிடும். வில்லின் மொத்த அசைவைக் கடந்த தொலைவால் வகுத்தால் சுட்டெண் கிடைக்கும். கற்பனைக் காருக்குத் தேய்மானம் கிடையாது.

முற்றிலும் சமமான தளத்தின் மதிப்பு 0. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் ஏறத்தாழ 1.5க்குக் குறைந்தால் நல்ல சாலை என்றும், 2.7க்கு மிஞ்சினால் மோசமானது என்றும் வகைப்படுத்துகிறது.

விரிசலையோ அடித்தளத்தின் வலிமையையோ இச்சுட்டெண் நேரடியாகக் காட்டாது. உள்ளே நொய்ந்த சாலையும், மேலே புதிதாகத் தார் போட்டவுடன் நல்ல மதிப்பைப் பெறக்கூடும்.