வெள்ளைச் சிங்கம்... ஒரே ஒரு க்ளிக்!

சிங்கம் என்றால் டிகாஷன் கொஞ்சம் தூக்கலான காபி நிறம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கிற டிம்பவாட்டி காட்டில் எப்போதாவது ஒன்று வெள்ளை வெளேரென்று பிறந்து வைக்கிறது. அதைப் படம் பிடிக்க உலகத்துக் காமிராக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

1938-லேயே அங்கே ஒன்றைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் 1975-ல் கிறிஸ் மெக்பிரைட் என்ற ஆராய்ச்சியாளர் கண்ணில் டெம்பா, டோம்பி என்ற இரண்டு குட்டிகள் பட்ட பிறகுதான் விஷயம் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. 1977-ல் புத்தகமே போட்டுவிட்டார் மனுஷர்.

இது வியாதி இல்லை ஸார். அல்பினோவும் இல்லை, கண்ணில் நிறம் இருக்கிறது. எல்லாம் ஒரு ஜீன் செய்கிற வேலை. எந்த ஜீன் என்று 2013-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜாயின்ட் அக்கவுண்ட் செக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பாஸாகும். பழுப்பு நிற ஜோடி இரண்டிலும் அந்த ஜீன் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு சான்ஸ்!

சரி, எதிரே வந்து நிற்கிறது. உடனே அமுக்கிவிடலாமா? அங்கேதான் வம்பு. காமிராவுக்குப் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம். சிங்கம் படம் முழுக்க நிறைந்தால், வெள்ளையை அழுக்கு வேட்டியாக்கிவிடும். தூரத்தில் கரும் புதருக்கு நடுவே நின்றாலோ வெளிச்சத்தை அள்ளிக் கொட்டி, பிடரி மயிர் ஒன்றுகூடத் தெரியாமல் சுண்ணாம்பு அடித்துவிடும். முதல் கேஸில் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டணும், இரண்டாவதில் குறைக்கணும். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். முன்னால் ஆடுகிற புல்லில் வேண்டாம். ஜீப் என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படம் உதறும். உட்கார்ந்தே எடுங்கள். எழுந்து நின்று போஸ் கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்!

விடியற்காலையே கிளம்பிவிடுவது உத்தமம். பகலில் பெரும்பாலும் தூங்கும். (லஞ்சுக்குப் பிறகு நம் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

'இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெள்ளைக் குட்டியை மடியில் வைத்தே போட்டோ எடுக்கலாம், கியாரண்டி!' என்று கூப்பிடுகிற பண்ணைகளும் உண்டு. போகாதீர்கள். இந்த மாதிரி இடங்களில் பிறந்த சில நாளிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். நாம் கொஞ்சிய குட்டி வளர்ந்ததும், தப்பி ஓட வழியில்லாத வேலிக்குள் விட்டு, பணம் கட்டிய ஆசாமி சுடுவதற்கு விற்கப்படலாம். இந்தச் சிங்கப் பண்ணை வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்போவதாக 2021-ல் தென்னாப்பிரிக்க அரசே அறிவித்தது. தொட விடுகிறார்களா? அது காடு இல்லை, கடை!

மூன்று நாள் சுற்றியும் வெள்ளைச் சிங்கம் சிக்கவில்லையா? கவலையை விடுங்கள். டிம்பவாட்டியில் எதிர்ப்பட்ட பழுப்புச் சிங்கத்தையே எடுத்துக்கொண்டு வாருங்கள். யார் கண்டது, அதன் ரத்தத்தில் அந்த ஒரு கையெழுத்து இருக்கலாம்!