பீரோவில் தூங்கிய பங்குகள்

1990-களின் தொடக்கத்தில் பங்கை விற்பது பெரும்பாடு. பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து, மாற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் முத்திரை வில்லை ஒட்டிக் கம்பெனிக்கு அனுப்புவார். கையெழுத்து சற்றே பிசகினாலும் ‘பேட் டெலிவரி’ என்று திரும்பிவிடும். தபாலில் தொலைந்த பத்திரங்களும் உண்டு. கல்யாணம், காலேஜ் என்று அவசரம் வந்தால் ஒழிய, பலர் அந்தப் பத்திரக் கட்டைத் தொடவே மாட்டார்கள்.

அந்தத் தொல்லையே சிலருக்கு வாழ்வு தந்தது. 1993-ல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள்கூட வரவில்லை. அன்று 9,500 ரூபாய் போட்டு 100 பங்கு வாங்கி, ஒன்றைக்கூட விற்காதவரிடம், போனஸும் பங்குப் பிரிப்புமாகச் சேர்ந்து 2018-ல் 1,02,400 பங்குகள் இருந்தன. நடுவே, 2000-ல் உச்சம் தொட்ட விலை அடுத்த ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே விழுந்ததையும் அவர் தாங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே பீரோவில், பணம் திரட்டிவிட்டுக் காணாமல்போன கம்பெனிகளின் பத்திரங்களும் கிடந்தன. விற்காமல் இருப்பது மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. எதை வைத்திருந்தார்கள் என்பதே கணக்கு.

1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. பத்திரம் டீமேட் என்ற மின்னணுக் கணக்கில் எண்ணாகியது. கள்ளப் பத்திரமும் கையெழுத்துத் தகராறும் ஒழிந்தன. இதை நான் மனதார வரவேற்கிறேன். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் விற்ற அடுத்த வர்த்தக நாளே பணம். செல்போனில் ஒரு தட்டு போதும்.

எனக்குக் கவலை தருவது அந்தத் தட்டுதான். காலையில் வாங்கி மதியம் விற்கிறார்கள். அதுவும் போதாமல் எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர வர்த்தகம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. அன்று பீரோவின் பூட்டு தடுத்தது. இன்று தடுக்க எதுவுமில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்து, இதை ஏன் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தவரால்தான் விலை சரியும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்க முடிகிறது.

பழைய காலம் இன்னும் முடியவில்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகள் ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போய்விடுகின்றன. அப்பா வாங்கியதே தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். உரிய வாரிசு விண்ணப்பித்தால் அவற்றைத் திரும்பப் பெறலாம். வீட்டில் பழைய கட்டு ஏதேனும் இருந்தால் இந்த வாரமே பிரித்துப் பாருங்கள்.