பல பொறி, ஒரு கணக்கு

ஒரு கணிப்பொறி ஓராண்டிற் செய்யுங் கணக்கைப் பன்னிரண்டு கணிப்பொறிகள் ஒரு திங்களில் முடிக்குமோவெனின், முடித்தலுங் கூடும். முடியாது போதலுங் கூடும். பொறிகளை வாங்கி அடுக்கிய மாத்திரத்தானே அவை ஒன்றுகூடி உழைத்துவிடா. உழைக்கச் செய்யும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றாம்.

நம் பூவிருந்தவல்லிக்கு அணித்தாயுள்ள செம்பரம்பாக்கத்து ஏரியில் நூறு ஆட்கள் தூர் வாருவதாக வைத்துக்கொள்வோம். மண்சுமந்து கரையேறும் வழி ஒன்றேயாயின், பெரும்பாலார் நிறைந்த கூடையோடு வாளா நிற்பர். இக்குறுக்கத்தை 1967ஆம் ஆண்டில் ஜீன் அம்தால் என்னும் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு வேலையில் இருபதில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கதாயின், 288 செயலிகளை ஏவினும் வேலை ஏறக்குறைய 19 மடங்கே விரையும். எத்துணைச் செயலிகளைச் சேர்ப்பினும் 20 மடங்கைக் கடவாது.

288 என்னும் எண்ணைக் காரணமின்றிக் கூறினேமல்லேம். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 2004ஆம் ஆண்டில் இயக்கிய ‘கப்ரு’ என்னுங் கூட்டத்தில், இரட்டைச் செயலி பூண்ட 144 பொறிகள் இருந்தன. கப்ரு என்பது இமயத்துச் சிகரமொன்றின் பெயர். குவார்க்கு என்னும் நுண்துகள்களைப் பிணிக்கும் விசையை ஆராய்தல் அக்கூட்டத்தின் தலையாய நோக்கம். அவ்வாராய்ச்சியில் வெளியையுங் காலத்தையுங் கட்டங்கட்டமாக வகுப்பர். ஒவ்வொரு கட்டமும் தன்னை அடுத்துள்ள கட்டங்களின் மதிப்பையே பெரிதும் வேண்டிநிற்கும். ஆதலின் பொறிகளையும் 6, 6, 4 என முத்திசை அடுக்காகக் கொண்டு, ஓரத்திலுள்ளதை எதிர் ஓரத்தோடு வளைத்துப் பிணைத்தனர். ஒவ்வொரு பொறிக்கும் ஆறு அயலார். கணக்கின் வடிவே கம்பியின் வடிவாயிற்று! நொடிக்கு 1.38 லட்சங் கோடி கணக்குகள் செய்யவல்லதென ஏட்டிற் கண்ட அக்கூட்டம், பெருஞ் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்குஞ் சோதனையில் ஒரு லட்சங் கோடியைச் சிறிதே கடந்தது. இத்துறையில் அதுவே நல்ல விளைவாம்.

இனி அமைக்கும் முறை. எல்லாப் பொறிகளிலும் ஒரே நிரல்களை ஒரே பதிப்பில் நிறுவுதல் வேண்டும். பதிப்பு மாறுபட்டால் வரும் இடர் சொல்லி முடியாது. பொறிகள் ஒன்றன் பெயரை ஒன்று அறிதலும், கடவுச்சொல் வினவாது உட்புக விடுதலும், கோப்புகளை ஒரு பொதுவிடத்தில் வைத்தலும் இன்றியமையாதன. பின்னர், 1994இல் வகுக்கப்பெற்ற எம்.பி.ஐ. என்னுஞ் செய்திப் பரிமாற்ற நெறிப்படி ஒரே நிரலின் படிகளை எங்கும் ஏவுவர். ஒவ்வொரு படிக்கும் பூச்சியம் முதலாக ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டே தன் பங்கு இதுவென அஃது அறியும்.

ஈண்டு ஓர் இடர் பதுங்கியிருக்கின்றது. இரு படிகள், ‘நீ முதலில் அனுப்பு’ என ஒன்றையொன்று எதிர்நோக்கின், இரண்டும் என்றும் அனுப்பா. பிழையென்று ஓரெழுத்தும் திரையில் தோன்றாது. மாணாக்கன் கணக்கு நடைபெறுகின்றதென்றே விடியுமளவுங் காத்திருப்பான். இரட்டையெண் படி முதலில் அனுப்பவும் ஒற்றையெண் படி முதலில் பெறவும் விதித்தால் இம்முட்டு நீங்கும். ஒரே பொறியின் செயலிகளோ நினைவகத்தைப் பகிர்தலின் செய்தி வேண்டா. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் ஒருங்கே எழுதின் விடை கெடும்.

அம்பத்தூரில் இக்காலத்துப் பெருந் தரவு மையங்கள் எழுந்துள்ளன. அவற்றை நோக்கி வியத்தலினும், ஆய்வுக்கூடத்தில் ஓய்ந்திருக்கும் நான்கு பொறிகளை இணைத்தல் மாணாக்கர்க்குப் பயன்றரும். ஒரே கணக்கை முதலில் ஒரு பொறியிலும், பின் இரண்டிலும், பின் நான்கிலும் ஓட்டி, மூன்று காலங்களையுங் குறித்துக்கொள்க. நான்கிற் கண்ட காலம் இரண்டிற் கண்டதினும் நீண்டிருப்பின், செய்திகள் எத்துணை முறை சென்று மீள்கின்றனவென்று முதற்கண் எண்ணுக.