தோட்ட அனுபவமும் ஒரு தகுதியே

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அம்மலையில் நம்மவர்கள் கொழுந்து பறித்ததோடு நின்றுவிடவில்லை. ஆலைக்குள் கொழுந்தை வாட்டவும், உருட்டவும், புளிக்க வைக்கவும், உலர்த்தவும், தரம் பிரிக்கவும் கற்றுத் தேர்ந்தனர். ஆயினும், வேறு வேலைக்கு மனுச் செய்யும்பொழுது, அனுபவம் என்னும் இடத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவோரே மிகுதி. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது வெளியேறிய பலரும், இருபது ஆண்டுத் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டே, தொழில் அறியாதவருக்குரிய சம்பளத்தில் புது வேலையைத் தொடங்க நேர்ந்தது.

மனுவைப் படிக்கும் அதிகாரி தோட்டத்தையே கண்டிராதவராக இருக்கலாம். எழுதாததை அவர் எவ்வாறு அறிவார்?

ஆலையில் உலர்த்தும் இயந்திரத்தைக் கவனித்தவர் அதனையே தம் தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டும்: எத்தனை ஆண்டுகள், வெப்பத்தைக் கண்காணித்தவர் தாமா, சிறு பழுதுகளைத் தாமே சரிசெய்தாரா என்பவற்றையும் சேர்க்க வேண்டும். உணவுப் பொருள் ஆலையொன்று தேடும் ஆள் அவராகவே இருக்கக்கூடும். பால்வெட்டுத் தொழிலாளி, பட்டை காயமுறாமல் வெட்டியதையும், பாலை உறைய வைக்கும் திராவகத்தை அளவறிந்து கலந்ததையும் குறிப்பிடலாம். மண்டோராக இருந்தவர் காலைப் பெரட்டில் எத்தனை பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தார் என்பது மேற்பார்வை அனுபவம் அன்றி வேறென்ன? செய்யாததை மட்டும் எழுதலாகாது. நேர்முகத் தேர்வில் இரண்டாம் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

சான்றிதழ் இல்லையே என்று தயங்குவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. திறன் மேம்பாட்டுத் துறையின் 'பி.பி.தி.' முறையில், வகுப்பில் பயிலாமலேயே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர்கள் ஏற்பின் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். அதற்குக் கட்டணம் உண்டு. அந்தத் தொழிலுக்கு அரசாங்கம் வகுத்த தரநிலையும் இருத்தல் வேண்டும். தோட்டம் கைமாறி, பழைய கிராணியும் போய்விட்டாரா? ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கையில் எந்த முதலாளி எந்த மாதம் சந்தா செலுத்தினார் என்பது பதிவாகியிருக்கும். வேலை செய்த காலத்திற்கு அதுவே நல்ல சாட்சி.

குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அண்மைய வேலையை முதலில் எழுதுக. முகவரியில் அஞ்சல் குறியீடு விடுபடலாகாது. ரிங்லெட்டிற்கு 39200, தானா ராத்தாவிற்கு 39000. லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்திலேயே நாள்கணக்கில் கிடப்பதுண்டு; ஆகவே, கைத்தொலைபேசி எண்ணையும் தெளிவாக எழுதுக. அரசாங்க வேலைக்கு மலாய் மொழியில் மனுச் செய்வதே முறை. தனியார் வேலைகளுக்கு, சொக்சோ நடத்தும் 'மை ஃபியூச்சர் ஜாப்ஸ்' இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம்.

மூலச் சான்றிதழ்களை அஞ்சலில் அனுப்பாமல் நேர்முகத் தேர்வுக்கு நேரில் எடுத்துச் செல்க. அடையாளக் கார்டின் நகலைக் கேட்டால், அதன் குறுக்கே இரு கோடிட்டு, 'இந்த வேலை மனுவுக்கு மட்டும்' என மலாயில் எழுதிக் கொடுக்கவும். வேலைக்கு முன்பணம் கேட்போரிடம் அந்த நகலும் போகலாகாது.