துடியலூர் இருப்புப்பாதையும் வருங்காலத் தேவையும்

துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் இருப்புப்பாதை 1873-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. போத்தனூரில் பிரதான மார்க்கத்தினின்றும் பிரிந்த இக்கிளை, ஐந்தரை அடி அகலமுள்ள பெரிய பாதையாகவே அன்று போடப்பட்டமையால், இன்றளவும் அகலத்தை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-லும், பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு 1928-லும் மீட்டர் பாதைகளே திறக்கப்பட்டன. மீட்டர் பாதைக்கு ஆரம்பச் செலவு குறைவுதான். ஆனால் அதில் வந்த சரக்கைப் பெரிய பாதை வண்டிக்கு இறக்கி ஏற்றுவதால் உண்டாகும் கூலியும் சேதமும் அக்கணக்கில் சேர்வதில்லை. கடைசியில் 2009-ல், பாதையை அகலப்படுத்தும்பொருட்டு வண்டிகள் நிறுத்தப்பட்டன. போத்தனூர்-பொள்ளாச்சிப் பகுதி மீண்டும் திறக்கப்பட்டது 2017-ல்தான். பாட்டன் காலத்துச் சிக்கனத்திற்குப் பேரன் காலத்தில் வட்டி கட்ட நேர்ந்தது.

ஆகவே இருப்புப்பாதை விஷயத்தில் ஐம்பது வருஷத்திற்கு முன்னதாகவே யோசிப்பது அதிகமன்று. 2020-ல் வெளியான தேசிய ரயில் திட்ட முன்வரைவு, 2050 வரையிலுள்ள தேவையைக் கணித்து, 2030-க்குள் பாதைகளின் திறனைப் பெருக்கவும், சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கை 45 சதவீதமாக உயர்த்தவும் கருதிற்று. தமிழ்நாடு அரசு தனது 2025-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் நகரங்களை இணைக்கும் 185 கி.மீ. விரைவுப் பயணிகள் பாதைக்குச் சாத்தியக்கூறு ஆராயப்படும் என்று தெரிவித்தது. இத்தகைய திட்டங்களில் பெரிய பட்டணங்களின் பெயரே முன்னே நிற்கும். கிராமத்தார் தங்கள் தேவையைத் தாங்களே எடுத்துரைக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் மார்க்கம் ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டி கடக்கும்வரை மற்றது ஒரு ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காக்கும்போது சரக்கு வண்டியே பெரும்பாலும் பின்தள்ளப்படும். காரமடைக் கறிவேப்பிலையும் மேட்டுப்பாளையத்து வாழைத்தாரும் அதுவரை பொறுத்திருக்குமா? மேலும், வண்டி நிற்க வேண்டுமென மனுச் செய்வோர் அநேகர். சரக்கு ஏற்றுவதற்குத் தனிக் கிளைத் தண்டவாளமும், கொட்டகையும், லாரி வந்து திரும்பும் அளவு பாதையும் கேட்போர் மிகச் சிலரே. இவையில்லாமல் வண்டி நின்றும் விளைபொருளுக்குப் பயனில்லை.

இரண்டாம் தண்டவாளத்திற்கு நிலம் தேவைப்படலாம். முன்னர் சோளக்காடாயிருந்த பூமி இப்பக்கத்தில் வீட்டுமனைகளாகி வருகிறது; மனையான பிறகு நிலம் எடுப்பது சர்க்காருக்குச் செலவு, குடியிருப்போருக்குத் துன்பம். கிராம அதிகாரிகள் பாதையோரச் சர்வே எண்களின் எல்லைக் கற்களைப் புலப்படத்துடன் ஒத்துப்பார்த்து வைப்பது நலம். பாகப்பிரிவினை ஆகியும் பட்டா மாறாத நிலங்களே நஷ்டஈட்டுக் காலத்தில் வழக்கிற்கு இடமாகின்றன. விசேஷ ரயில்வே திட்டமாக அறிவித்து, 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி நிலம் எடுக்கப்படுமாயின், அறிவிப்பு வெளியான 30 நாட்களுக்குள் நிலத்தில் பாத்தியமுள்ளவர் தமது ஆட்சேபணையைக் காரணங்களுடன் எழுத்து மூலம் உரிய அதிகாரியிடம் கொடுக்கலாம்.