சவாரிக்கு முன் ஒரு ரயில் பயணம்

நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்கு மலையும் வெயிலும் பெரிய கவலையில்லை. சைக்கிள் தங்களோடு அதே ரயிலில் வந்து சேருமா என்பதுதான் கவலை.

ஹௌரா நிலையத்தின் பார்சல் பகுதியில் இரவு, பகல் என்ற பேதம் கிடையாது. வெற்றிலைக் கூடைகள், மீன் பெட்டிகள், துணி மூட்டைகள். இவற்றுக்கு நடுவே சாக்குத்துணியில் சுற்றிய சைக்கிள் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல் அணைத்தபடி நிற்கிறார் ஒருவர். முன்சக்கரம் கழற்றப்பட்டு உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. சாக்கின் மேல் மையில் பெரிய எழுத்தில் ஊர் பெயர். போர்ட்டர் கை வைக்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குகிறது. அவர் பயணம் செய்ய இருப்பது மூன்றடுக்கு ஏ.சி.யில். சைக்கிள் போவது ரயிலின் கடைசியில், பிரேக் வேனில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் இறங்கினால் அவர் பாக்கியசாலி.

இவ்வளவு பதற்றம் எதற்கு? காரணம், இப்போது நம் நகரங்களில் வேரூன்றிவிட்ட 'பிரெவே' என்ற நெடுந்தூர சவாரி. பிரான்சில் பிறந்த இந்த வழக்கத்தில் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை; கடிகாரத்தை முந்தினால் போதும். 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தவருக்குத்தான் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சவாரியில் கலந்துகொள்ளத் தகுதி. 1891-ல் தொடங்கிய அந்தச் சவாரி டூர் டி ஃப்ரான்ஸ் பந்தயத்தைவிட 12 வயது மூத்தது. தூரம் சுமார் 1,200 கி.மீ.; உச்ச வரம்பு 90 மணி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். 2019-லும் 2023-லும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் அங்கே போனார்கள். அடுத்த முறை 2027.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளூரில் ஒரு 600 தவறிவிட்டால், அதே ஆண்டுக்குள் வேறு நகரத்தில் நடக்கும் 600-ஐப் பிடித்தாக வேண்டும். கொல்கத்தாக்காரருக்கு அது புவனேஸ்வரமாக இருக்கலாம், ஹைதராபாத்தாக இருக்கலாம், சென்னையாகவும் இருக்கலாம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை சுமார் 1,660 கி.மீ. தொடக்க இடத்துக்குப் போய்ச் சேரவே, பாரிஸ் சவாரியைவிட நீண்ட பயணம். அந்தத் தூரத்தை சைக்கிள் தனியாக, சரக்காகக் கடக்கிறது.

இந்தக் கட்டுரையாளருக்கு நேர்ந்தது இது. சனிக்கிழமை காலை 6 மணிக்கு, தெற்கே ஒரு நகரத்தில் 600 தொடக்கம். வெள்ளி மாலை ரயில் அந்த ஊரை அடைந்தது. பிளாட்பாரத்தின் கோடிக்கு ஓடினால், பிரேக் வேனிலிருந்து மூட்டைகள் இறங்குகின்றன, சைக்கிள் இறங்கவில்லை. புறப்பட்ட நிலையத்தில் வேன் நிறைந்துவிட்டதால் அது ஏற்றப்படவே இல்லை என்பது இரவு 9 மணிக்குத்தான் தெரிந்தது. விடிந்ததும் தொடக்க இடத்துக்கு வெறுங்கையோடு போய், மற்றவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஞாயிறு இரவு 10 மணிக்கு அவர்களுடைய 40 மணி நேரம் முடிந்தது. திங்கட்கிழமை காலை சைக்கிள் வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த ஆண்டில் பிடிப்பதற்கு இன்னொரு 600 மிச்சமில்லை.

யார் மேல் குற்றம் சொல்வது? விதிகளைப் புரட்டினால், ஆசாமி மேல் அல்ல, அமைப்பின் மேல்தான் கோபம் வருகிறது. ரயில்வே கணக்கில் சைக்கிள் ஒரு சரக்கு. பயணிகளுக்கு இலவசமாக அனுமதிக்கப்படும் எடை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 கிலோ. இந்தச் சலுகை ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் பொருந்தாது. பயணச் சீட்டைக் காட்டி 'லக்கேஜ்' என்று பதிவு செய்தால் அதே ரயிலில் வர வேண்டும். 'பார்சல்' என்று பதிவு செய்தால் இடமுள்ள ஏதோ ஒரு ரயிலில் வரும். கவுண்ட்டரில் இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லத் தெரியாததால் சவாரியை இழந்தவர்கள் உண்டு. ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்பாவது பதிவு முடிய வேண்டும் என்பது விதி. இரண்டு மணி நேரம் என்பது அனுபவம்.

லக்கேஜ் என்று பதிவு செய்தாலும் இடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பிரேக் வேனின் அறைகளைத் தனியார் சரக்கு ஒப்பந்தக்காரர்களுக்கு ரயில்வே குத்தகைக்கு விடுகிறது. ஓர் அறை சுமார் 4 டன் கொள்ளும். மிச்சமுள்ள இடத்தில்தான் மற்றவர்களின் மூட்டைகளும் சைக்கிளும் நெருக்கியடிக்கின்றன. தொலைந்தாலோ உடைந்தாலோ நஷ்டஈடு உண்டு. ஆனால் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், லக்கேஜுக்குக் கிலோவுக்கு ரூ.100-தான் உச்ச வரம்பு. 12 கிலோ சைக்கிளுக்கு ரூ.1,200. நெடுந்தூர சைக்கிளின் நல்ல டயர் ஒன்றுக்கே அது போதாது.

பெட்டிக்குள்ளேயே எடுத்துப் போனால்? அதற்கும் அளவு இருக்கிறது. பயணிகள் பெட்டியில் அனுமதிக்கப்படும் பெட்டிகள் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. சாலை சைக்கிளின் சக்கரம் டயரோடு சேர்த்து சுமார் 67 செ.மீ. குறுக்களவு. அதாவது சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டாலும், சக்கரம் ஒன்றே விதியை மீறிவிடும்! இருந்தும் பலர் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, பையில் போட்டு, கீழ் பர்த்தின் அடியில் தள்ளி, டிக்கெட் பரிசோதகர் வரும்போது தூங்குவதுபோல் பாவனை செய்கிறார்கள். சட்டத்துக்கு உட்பட்டு நிம்மதியாகப் போகக்கூடியவர், சிறு சக்கர மடக்கு சைக்கிள்காரர் மட்டுமே.

இது கொல்கத்தாவில் நடப்பதுதான் வேடிக்கை. இந்தியாவின் சைக்கிள் யாத்திரை வரலாற்றில் இந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. 1926 டிசம்பர் 12 அன்று பிமல் முகர்ஜி என்ற இளைஞர், மூன்று தோழர்களுடன் இங்குள்ள டவுன் ஹாலிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்டார். தோழர்கள் வழியில் பிரிந்தார்கள். அவர் திரும்பியது 1937-ல். அந்த அனுபவத்தை வங்காளியில் எழுதிய புத்தகத்தின் பெயர் 'து சாக்காய் துனியா', அதாவது இரு சக்கரத்தில் உலகம். வங்காளிகள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

அதே நகரத்தில் 2013-ல் போலீசார் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் பட்டியல் சுருங்கியது, மறையவில்லை. 2020-ல் ஊரடங்கு தளர்ந்து பஸ்கள் போதாமல் போனபோது மட்டும் சைக்கிள் திடீரென்று நல்ல பிள்ளையானது. தற்காலிகமாகச் சில சாலைகள் திறந்தன. இன்னொரு பக்கம், இதே மாநில அரசு 'சபுஜ் சாத்தி' திட்டத்தில் 2015 முதல் ஒன்பதாம் வகுப்பு தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு சைக்கிள் வழங்குகிறது. கொடுத்த சைக்கிள்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. கிராமத்தில் சைக்கிள் முன்னேற்றத்தின் சின்னம். தலைநகரின் பெரிய சாலையில் அது போக்குவரத்து இடைஞ்சல். ஆகவே ரயிலில் சைக்கிள் ஏற்றப் போகும் கொல்கத்தாக்காரர், சந்து பொந்துகளில் புகுந்து சுற்றியோ, டாக்சி மேல் கட்டியோதான் ஹௌராவையும் சியால்தாவையும் அடைகிறார்.

சியால்தாவிலிருந்து கிளம்பும் டார்ஜிலிங் மெயில் இந்த வட்டாரத்தில் பிரபலம். இரவு ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து பொம்மை ரயிலின் தண்டவாளமும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டியபடி மலையேறுகின்றன. சமவெளியிலிருந்து 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் வரை ஒரே நாளில் மிதித்து ஏறுவது இங்குள்ள இளைஞர்களின் கனவு. 2022 டிசம்பர் முதல் ஹௌராவிலிருந்து அதே ஊருக்கு வந்தே பாரத் ஏழரை மணி நேரத்தில் போகிறது. அதில் சைக்கிள் ஏற்ற பிரேக் வேன் கிடையாது. ரயில் எவ்வளவு நவீனமோ, சைக்கிளுக்கு அவ்வளவு இடமில்லை.

வெளியே நிலைமை எதிர்த் திசையில் போகிறது. ஐரோப்பிய யூனியன் 2021-ல் இயற்றிய பயணிகள் உரிமை விதி, புதிதாக வாங்கும் ரயில்களில் குறைந்தது நான்கு சைக்கிளுக்கு இடம் வேண்டும் என்கிறது. ஜப்பானில் சைக்கிளைப் பிரித்துப் பையில் போட்டு ரயிலில் ஏற்றுவதற்கு 'ரிங்கோ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. நம் நாட்டிலேயே கொச்சி மெட்ரோ 2020-ல் சைக்கிளோடு வருபவர்களை ஏற்றத் தொடங்கியது.

அதுவரை அனுபவசாலிகள் தங்களுக்குள் சில நெறிகள் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பென்டிங்க் தெரு சைக்கிள் கடைகளில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்குவது முதல் வேலை. பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பின்பக்க கியருக்கு மெத்தை வைத்துக் கட்ட வேண்டும். விளக்கையும் மீட்டரையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பை அறிவித்து ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ரயில் புறப்படும் ஊரிலேயே ஏறி, அது முடியும் ஊரில் இறங்குவது உத்தமம்; நடுவில் இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் மூட்டைகளுக்கு அடியிலிருந்து சைக்கிளை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். ஏற்றும்வரை பிளாட்பாரத்தை விட்டு நகரக் கூடாது. முக்கியமாக, சவாரிக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு இந்தக் கடைசி நெறிதான் கட்டுப்படியாகாது. 40 மணி நேரச் சவாரிக்கு ஒரு வாரம் லீவு.

கேட்பது பெரிய காரியமில்லை. குத்தகைக்குப் போகாத வேன் அறையின் சுவரில் நாலைந்து கொக்கிகள். ரிசர்வேஷன் செய்யும்போதே, படுக்கையோடு சேர்த்து ஒரு கொக்கிக்கும் பணம் கட்டும் வசதி. சாக்கும் வேண்டாம், மையும் வேண்டாம். கொக்கி எண் சீட்டில் இருந்தால், சைக்கிள் ஏறியதா என்று பார்க்க ஒருவர் பிளாட்பாரத்தின் கோடிவரை ஓடவும் வேண்டாம்.

ஹௌராவில் நேரமாகிவிட்டது. தள்ளுவண்டி சைக்கிளைச் சுமந்து பிளாட்பாரத்தின் கோடிக்குப் போகிறது. அவர் கூடவே நடக்கிறார். வெற்றிலைக் கூடைகளுக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் நடுவே அது செருகப்படுவதைக் கண்ணால் பார்க்கிறார். வேனின் கதவு மூடுகிறது. அதன் பிறகுதான் தன்னுடைய பெட்டி எங்கே என்று தேடி ஓடுகிறார்.