தொழில்வல்லுநரின் கவனக்குறைவும் பாதிக்கப்பட்டோருக்கான சட்ட வழிகளும்

மருத்துவர், வழக்கறிஞர், தணிக்கையாளர் முதலிய தொழில்வல்லுநர்களை நாடிச் செல்வோர் அவர்களுடைய வேலையின் தரத்தைத் தாமே அளந்தறிய இயலாதவர்கள் என்பதால், அத்துறையில் இயல்பான தேர்ச்சியுள்ள ஒருவர் காட்டும் திறமையையும் கவனத்தையும் காட்ட வேண்டிய கடமையைச் சட்டம் அவ்வல்லுநர்மீது சுமத்துகிறது. அக்கடமையிலிருந்து தவறி, அத்தவற்றினாலேயே மற்றவருக்கு இழப்பு நேர்ந்தால் அது தொழில்முறைக் கவனக்குறைவு. தொழிலுக்கென வகுக்கப்பட்ட ஒழுக்க விதிகளை மீறுவது தொழில்நெறிப் பிறழ்வு. முன்னதற்கு இழப்பீடும் பின்னதற்கு ஒழுங்கு நடவடிக்கையும் தீர்வாகும்; ஒரே செயல் இரண்டிலும் அடங்கக்கூடும். இந்தியாவில் இவற்றை விசாரிக்கும் மன்றங்கள் வெவ்வேறானவை என்பதால், எதை வேண்டி எங்கே செல்வது என்னும் தெளிவில்லாதவர் நியாயமான வழக்கையும் இழக்க நேரும்.

எது கவனக்குறைவு ஆகாது

நோயாளி குணமாகவில்லை என்பதோ, வழக்கு தோற்றுவிட்டது என்பதோ தன்னளவில் கவனக்குறைவாகிவிடாது. 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்து, ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அளவுகோலின்படி, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென ஏற்கும் சிகிச்சை முறையைப் பின்பற்றியவர், வேறொரு முறையும் இருந்தது என்பதற்காகக் கவனக்குறைவுக்குப் பொறுப்பாகமாட்டார். ஆகவே வழக்குத் தொடுப்பவர் கடமை இருந்தது, அது மீறப்பட்டது, அம்மீறலே இழப்புக்குக் காரணம் என்னும் மூன்றையும் நிறுவ வேண்டும். அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணி விடப்பட்டது போன்ற நேர்வுகளில் நிகழ்ச்சியே தவற்றைக் காட்டிவிடுவதால், விளக்கம் சொல்லும் பொறுப்பு மருத்துவர் தரப்புக்கு மாறுகிறது. அத்தகைய வழக்கொன்றில் 1996இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர அரசைப் பொறுப்பாக்கியது. எல்லா மருத்துவ வழக்குகளிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் அந்நீதிமன்றம் கூறியிருந்தாலும், தவறு வெளிப்படையாகத் தெரியாத வழக்குகளில் நிபுணர் சான்றின்றி வெல்வது அரிது.

மருத்துவர்மீது வழக்கு

கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்ட சேவையே என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் தீர்ப்பானது. எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இதில் வராது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையாயின், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும் இவ்வுரிமை குறையாது. முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையாயின் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலும், அதற்குமேல் 2 கோடி வரை மாநில ஆணையத்திலும், அதையும் தாண்டினால் தேசிய ஆணையத்திலும் புகார் அளிக்க வேண்டும். கேட்கும் இழப்பீட்டின் அளவு இங்கே கணக்கில் வராது. புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் பதிவாக வேண்டும்.

இழப்பீடு எவ்வளவு விரிவாகக் கணக்கிடப்படலாம் என்பதற்குச் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனை தொடர்பான வழக்கு சான்றாகும். 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை பறிபோனது. தேசிய ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்க, உச்ச நீதிமன்றம் எதிர்கால மருத்துவச் செலவையும் பண வீக்கத்தையும் கருதி 2015இல் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது.

ஒழுங்கு நடவடிக்கை வேண்டுவோர் மாநில மருத்துவக் கவுன்சிலை நாட வேண்டும். மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்கவும் நீக்கவும் அதற்கு அதிகாரமுண்டு, இழப்பீடு வழங்க அதிகாரமில்லை. காவல் நிலையம் செல்வோர், குற்றவியல் நடவடிக்கைக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை என்பதையும், மற்றொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறாமல் நடவடிக்கை தொடரக் கூடாது என ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு வரையறுத்துள்ளதையும் அறிந்திருக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

வழக்கறிஞர், கணக்காளர்மீது புகார்

வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் சட்டத்திற்குள் வராது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், நுகர்வோர் ஆணையத்தின் கதவு கட்சிக்காரருக்கு மூடப்பட்டுள்ளது. எனினும் வழக்கறிஞர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் கவனக்குறைவு வழக்கிலிருந்து தப்ப முடியாது என 1926ஆம் ஆண்டின் சட்டப் பணியாளர் கட்டணச் சட்டம் தெளிவாகக் கூறுவதால், உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். இதற்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. கட்சிக்காரரின் பணத்தைக் கையாடல் செய்தல், எதிர்த்தரப்புக்கும் உதவுதல் போன்ற நெறிப் பிறழ்வுகளுக்கு வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 35ஆம் பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் அளிக்க வேண்டும். கண்டனம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் ஆகியவை தண்டனைகள். முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம்.

இவற்றினும் அவசரமானது மூல வழக்கைக் காப்பது. வக்கீல் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்திருந்தால், அதை நீக்கக் கோரும் மனுவை 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கட்டண பாக்கியைக் காரணம் காட்டிக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை வழக்கறிஞர் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தணிக்கையாளர்களான பட்டயக் கணக்காளர்களைப் பொறுத்தவரை, 1949ஆம் ஆண்டுச் சட்டம் பணியில் உரிய கவனம் காட்டாமையையும் மிகக் கடுமையான கவனக்குறைவையும் ஒழுங்கீனமாகக் கருதுகிறது. அவர்கள்மீதான புகார்களைப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஒழுங்கு இயக்ககம் பெறுகிறது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் தணிக்கையை 2018இல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம் கண்காணிக்கிறது.

ஆவணமே அடித்தளம்

எந்த மன்றமாயினும் முடிவைத் தீர்மானிப்பவை ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை அறிக்கை, வக்காலத்து, கட்டணம் செலுத்திய சான்று, குறுஞ்செய்திகள் ஆகியவையே. நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவேடுகள் தரப்பட வேண்டும் என 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுவதால், எழுத்து மூலம் கேட்டு ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். பாதிக்கப்பட்டோர் சினத்தில் எல்லா மன்றங்களுக்கும் ஒருசேர மனு அனுப்பிக் காத்திருப்பதை விட்டு, வேண்டுவது பணமா, ஒழுங்கு நடவடிக்கையா, தண்டனையா என்பதை முதலில் முடிவு செய்து, ஆவணங்களைத் திரட்டி, காலவரம்பு முடியுமுன் உரிய மன்றத்தில் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும்.